சென்னையில் காலைச் சிற்றுண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் உறவினர்களும், வேலை நிமித்தமாகச் சென்னைக்குக் குடிவந்த நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை ஊரை முழுதாக அளந்து எழுதிய விடைகள் அல்ல. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சைதாப்பேட்டை என்று நான் அடிக்கடி நடந்து போகும் பகுதிகளுக்கே இவற்றில் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

காலைச் சிற்றுண்டிக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

ஏழு மணிக்குப் போக வேண்டும். ஏழரை ஆனாலும் பாதகமில்லை. ஒன்பதுக்கு மேல் போகிறவர்கள், கடை எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும், அந்தப் பேருக்குக் காரணமான பண்டத்தைச் சாப்பிடுவதில்லை என்பது என் கட்சி.

இதற்குக் காரணம் மாவில் இருக்கிறது. முந்தைய நாள் அரைத்துப் புளிக்க வைத்த இட்லி மாவு விடியற்காலையில்தான் சரியான பக்குவத்தில் இருக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பும் ஏறும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குள்ளாகவே தோசையில் அந்தப் புளிப்பு நாக்கில் தட்டும். பொங்கலின் நிலைமை இதைவிட மோசம். அண்டாவில் இருக்க இருக்க அது இறுகிவிடும். கடைக்காரர் வெந்நீர் விட்டு இளக்குவார், குழைவு திரும்பிவிடும், மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்த மணம் மட்டும் திரும்பாது. ஒரு நாள் பத்தேகாலுக்கு ஓர் ஓட்டலில் (பெயர் வேண்டாம்) எனக்கு வந்த பொங்கலைக் கரண்டியின் விளிம்பால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தவறு ஓட்டலுடையது பாதி, பத்தேகாலுக்குப் போன என்னுடையது பாதி.

சென்னையில் எனக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது. எங்கே போவது?

மயிலாப்பூருக்குப் போங்கள். கபாலீசுவரர் கோயிலையும் தெப்பக்குளத்தையும் சுற்றியுள்ள சில தெருக்களுக்குள்ளேயே, நடந்து போகும் தொலைவில், மூன்று நான்கு விதமான காலை உணவு கிடைக்கும். பறக்கும் ரயிலில் வருபவர்கள் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் போதும். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருப்பதால், காரில் வருவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

முதலில் அருண்டேல் தெருவில் உள்ள ராயர் மெஸ். பெரிய பலகையைத் தேடிக்கொண்டு போனால் கடையைத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஒரு சந்தின் வாயிலில் நாலைந்து பேர் செய்தித்தாளும் கையுமாக நிற்கிறார்கள் என்றால் அதுதான் இடம். உள்ளே இடம் குறைவு என்பதால், ஒரு பந்தி எழுந்த பிறகுதான் அடுத்த பந்தி உட்கார முடியும். இட்லி, பொங்கல், வடை, காபி என்ற நான்கைச் சுற்றியே காலை வியாபாரம் நடக்கிறது. இங்கே பேசப்படுவது கெட்டிச் சட்னி. தேங்காயையும் பச்சை மிளகாயையும் மிகக் குறைந்த தண்ணீர் விட்டு அரைப்பதால், இலையில் வைத்தால் வைத்த இடத்தில் குன்றுபோல் நிற்கும். இட்லியை அதன்மேல் அழுத்தித்தான் எடுக்க வேண்டும், தோய்த்து எடுக்க முடியாது. காரம் மெதுவாக, இரண்டாவது இட்லியில்தான் தெரியும். பரிமாறுபவர் "இன்னொரு வடை?" என்று கேட்கும் தொனியில் மறுப்பதற்கு இடமே இருக்காது.

பொன்னம்பல வாத்தியார் தெருவில் உள்ளது ஜன்னல் கடை. பெயரே விளக்கம்: ஒரு பழைய வீட்டின் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவார்கள், வாங்கித் தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. காலையில் பஜ்ஜி சாப்பிடலாமா என்று கேட்பவர்களை இங்கே அழைத்து வந்து நிறுத்தினால் அந்தக் கேள்வி தானாக அடங்கிவிடுகிறது.

கிழக்கு மாட வீதியில் உள்ள மயிலை கற்பகாம்பாள் மெஸ், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. கீரை வடை அந்தக் கடையின் முத்திரை. அடை அவியலுக்கும் பேர் உண்டு, ஆனால் அது எல்லா வேளையிலும் தயாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாமல், உட்காரும்போதே கேட்டுவிடுவது நல்லது. வயிற்றில் இன்னும் இடம் இருந்தால், மாட வீதிப் பக்கமே உள்ள காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க் குடித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடலாம்.

ரத்னா கபேயின் சாம்பார் இட்லியில் அப்படி என்ன இருக்கிறது?

திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948-இல் தொடங்கியது. பிற இடங்களில் இட்லிக்குச் சாம்பார் துணை. இங்கே சாம்பாருக்கு இட்லி துணை. இரண்டு இட்லியை வைத்துவிட்டு, கையில் பெரிய சொம்புடன் வரும் பரிமாறுபவர் நீங்கள் போதும் என்று சொல்லும்வரை, சில வேளைகளில் சொன்ன பிறகும், ஊற்றிக்கொண்டே இருப்பார். இட்லி மிதக்கத் தொடங்கும். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், அடிப்பக்கம் சாம்பாரை உறிஞ்சிக் கனத்து, மேல்பக்கம் மட்டும் வெள்ளையாக ஒரு தீவுபோல் நிற்கும். அந்த நேரத்தில் கரண்டியை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் இட்லி தனி, சாம்பார் தனி. தாமதித்தால் எல்லாம் கூழ்.

பெருங்காயம் தூக்கலாக, ஓரளவு நீர்க்க இருக்கும் இந்தச் சாம்பாரை வீட்டுச் சாம்பாரோடு ஒப்பிட்டு "பருப்பு போதவில்லை" என்று குறை சொல்பவர்கள் உண்டு. கெட்டியான சாம்பாரில் இட்லி ஊறாது என்பதே அவர்களுக்கு என் பதில்.

வடகறி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன? எங்கே நன்றாக இருக்கும்?

கடலைப்பருப்பை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, எண்ணெயில் பொரித்தோ ஆவியில் வேகவைத்தோ எடுத்து, கையால் உதிர்த்து, வெங்காயம், தக்காளி, சோம்பு, பட்டை, கிராம்பு சேர்ந்த மசாலாவில் கொதிக்க விட்டால் வடகறி. முந்தைய நாள் விற்காமல் மீந்த மசால் வடையை வீணாக்காமல் குழம்பில் போட்டதில் பிறந்த பண்டம் என்று சொல்வார்கள். சுவையைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. ஆனால் நல்ல கடைகள் இப்போது அதற்கென்றே பருப்பு அரைக்கின்றன.

இது சென்னைக்கே உரிய உணவு. தெற்கே போகப் போகக் கிடைப்பது அரிது. சைதாப்பேட்டையும் வடகறியும் சேர்ந்தே உச்சரிக்கப்படுவதற்குக் காரணம் அங்குள்ள மாரி ஓட்டல். செட் தோசையோடு சாப்பிடுங்கள். முறுகல் தோசை வடகறியைத் தாங்காது, நொறுங்கிவிடும். மெத்தென்ற தோசைதான் அந்த எண்ணெயையும் மசாலாவையும் ஒத்தி எடுக்கும். வாங்கிப் போவதற்கென்று தூக்குவாளியுடன் வந்து நிற்பவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம்.

காலையில் அசைவம் கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். சென்னையின் காலை உணவு என்றாலே சைவம் என்ற எண்ணம், மயிலாப்பூரைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர்களால் (சற்று முன் நான் செய்ததைப் போல) பரவியது. இந்த ஊரின் பெரும்பாலான வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் இட்லியோடு கறிக்குழம்புதான். முந்தைய இரவு வைத்த மீன் குழம்பு மறுநாள் இட்லிக்குச் சேரும் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

கடையில் சாப்பிட வேண்டும் என்றால், திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை, மண்ணடிப் பகுதிகளில் உள்ள முஸ்லிம் ஓட்டல்களில் ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் கேளுங்கள். இரவெல்லாம் சிறு தீயில் வெந்த கால் எலும்பின் சாறு விரல்களை ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் அது அவசரப் பாயா. அண்ணா சாலையில் 1951 முதல் இருக்கும் புகாரி ஓட்டலைச் சிக்கன் 65-க்காக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள், ஒரு காலைவேளையிலும் எட்டிப் பார்க்கலாம்.

பெரிய கிளை ஓட்டல்களுக்குப் போவது வீணா?

இல்லை. இந்தக் கேள்வியில் உள்ள ஏளனம் எனக்கு உடன்பாடில்லை. 1981-இல் கே.கே. நகரில் ஒரே கடையாகத் தொடங்கிய சரவண பவனும் அதைப் பின்தொடர்ந்தவையும் செய்த பெரிய காரியம், சுத்தமான மேசை, குளிர்சாதன அறை, கழிப்பறை, எந்தக் கிளையிலும் ஏறத்தாழ ஒரே சுவை ஆகியவற்றை நடுத்தரக் குடும்பத்துக்கு உறுதியாக்கியது. சிறிய மெஸ்களில் இவற்றில் ஒன்றிரண்டு கட்டாயம் குறையும். முதன்முறையாகத் தமிழ்நாட்டு உணவைச் சாப்பிடும் விருந்தாளியை அழைத்துப் போகிறீர்கள் என்றால், எல்லாவற்றிலும் சிறிது சிறிது வரும் மினி டிபன் மிகப் பொருத்தம்.

மதுரையிலிருந்து வந்த முருகன் இட்லிக் கடை இவற்றில் தனி ரகம். வாழை இலையில் நான்கு வகைச் சட்னி வைத்து இட்லி போடுவார்கள். பொடி இட்லியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இன்னும் இருக்கிறதா?

இல்லை. அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்கள் இன்றும் இதைக் கேட்கிறார்கள் என்பதால் சேர்த்திருக்கிறேன். உடுப்பியிலிருந்து வந்து சென்னை ஓட்டல் தொழிலையே மாற்றியமைத்த கிருஷ்ண ராவ், கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில் 1962-இல் தொடங்கிய அந்த ஓட்டல் 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. மரநிழலில் காரை நிறுத்தினால் கண்ணாடிக் கதவில் தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். ஒரு காபியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வழக்குக் கட்டைப் புரட்டிய வக்கீல்களும், கதை விவாதித்த சினிமாக்காரர்களும் அங்கே உண்டு. இந்த ஊரில் எழுந்து போகச் சொல்லாத ஓட்டல் என்று ஒன்று இருந்ததென்றால் அதுதான். ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் இன்றும் இயங்குகிறது. உடுப்பி வழிச் சாம்பாரின் இலேசான வெல்லத் தித்திப்பு வேண்டுமானால் அங்கே போகலாம்.

சென்னையில் பிரஞ்ச் எங்கே நன்றாக இருக்கும்?

காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிப் பதினொரு மணி வாக்கில் சாப்பிடுவதற்கு இங்கிலாந்தில் 1895-இல் வைத்த பெயர் பிரஞ்ச். பெயர் புதிதே தவிர, வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. இரண்டு தலைமுறைக்கு முன்வரை மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் அலுவலகம் போகும் குடும்பங்களில் காலையில் காபி மட்டும்தான். ஒன்பதரைக்குக் குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புறப்படுவார்கள். டிபன் என்பது பிற்பகல் மூன்று மணிக்கு. இட்லியும் தோசையும் விடிந்ததும் சாப்பிடும் பண்டங்களாக அந்த வீடுகளில் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான்.

இன்றும் பதினொரு மணிக்குச் சென்னையின் உண்மையான பிரஞ்ச் நடைபாதைக் கூழ் வண்டியில் நடக்கிறது என்பேன். கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, அரிசி நொய்யோடு கிளறிய களியை உருண்டையாக எடுத்து, மோர் விட்டுக் கையால் கரைத்து, பெரிய சொம்பில் ஊற்றித் தருவார்கள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், உப்பு மிளகாய்த்தூளில் புரட்டிய மாங்காய், நெத்திலிக் கருவாடு. ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நின்றபடி குடிக்கும் ஓட்டுநர், சொம்பை ஒரு சுழற்று சுழற்றி அடியில் தங்கிய நொய்யை மேலே கொண்டுவந்து ஒரே மூச்சில் முடிப்பதைக் கவனியுங்கள். அந்தச் சுழற்று தெரியாதவர்களுக்கு அடியில் பாதி மிஞ்சும். எனக்கு இன்னும் மிஞ்சுகிறது.

நீங்கள் கேட்டது முட்டையும் ரொட்டியும் பான்கேக்கும் என்றால், இராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் உள்ள அமெதிஸ்ட் கபேயைச் சொல்வேன். முன்பு கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருந்த அது, இங்கே இடம் மாறிய பிறகும் தோட்டத்தை விட்டுவிடவில்லை. மார்கழி, தை மாதங்களில் வெளியே உட்காரலாம், மற்ற மாதங்களில் உள்ளே உட்காருவதே புத்திசாலித்தனம். பீட்டர்ஸ் சாலையில் தொடங்கப்பட்ட ரைட்டர்ஸ் கபேயில், தீக்காயங்களிலிருந்து மீண்ட பெண்களுக்குப் பயிற்சி அளித்து வேலை கொடுத்தார்கள் என்பதற்காகவே அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. சுற்றிலும் புத்தக அலமாரிகள், பேச்சுக்குரல் தாழ்ந்தே இருக்கும். நட்சத்திர ஓட்டல்களின் ஞாயிறு பிரஞ்ச் பெரும்பாலும் நண்பகலுக்கு மேல்தான் தொடங்கும், முன்பதிவும் கேட்பார்கள். விலைக்கு ஏற்ற பசி உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

சௌகார்பேட்டைக்குக் காலையில் போகலாமா?

போகலாம், ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். ராஜஸ்தான், குஜராத் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தங்கசாலைத் தெருப் பக்கம் காலையில் கச்சோரியும் ஜிலேபியும் கிடைக்கும். நெய் மிதக்கும் ஊத்தப்பத்துக்குப் பேர்போன சீனா பாய் டிபன் கடையை நம்பி விடியற்காலையில் என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வருகிறவர்கள் மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். அது மாலைக் கடை. பர்மா பஜார்ப் பக்கத்தில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளும் அப்படியே. அங்கே கிடைக்கும் இன்னொரு பண்டமான மொய்ங்கா, அதாவது வாழைத்தண்டு சேர்ந்த நூடுல்ஸ் சூப், பர்மாவில் காலை உணவு. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் அதை இங்கே பெரும்பாலும் மாலை உணவாக விற்கிறார்கள்.

காபி எப்படிக் கேட்க வேண்டும்?

"ஒரு காபி" என்று மட்டும் சொன்னால் கடைக்காரரின் விருப்பப்படி வரும், அது பெரும்பாலும் சர்க்கரை தூக்கலாக இருக்கும். "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா" என்று சொல்லிப் பழகுங்கள். சர்க்கரையே வேண்டாம் என்றால் டிகாக்ஷன் ஊற்றும்முன் சொல்ல வேண்டும். டிகிரி காபி என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்பதைப் பால்மானியின் டிகிரி கொண்டு காட்டியதால் வந்த பெயர் என்பது அவற்றுள் எனக்குப் பிடித்தது. சிக்கரி கலந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அளவாகச் சேர்ந்த சிக்கரிதான் அந்த நிறத்தையும், பாலை மீறி நிற்கும் கசப்பையும் கொடுக்கிறது.

காபி பெரும்பாலும் டம்ளரை டபராவுக்குள் நிறுத்தியே வரும். ஒரே ஒரு முறை ஆற்றினால் நுரை எழும். நான்கு முறை ஆற்றினால் ஆறிப்போன பால்தான் மிஞ்சும்.

குறைந்த செலவில் எங்கே சாப்பிடலாம்?

2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் காலையில் இட்லி ஒரு ரூபாய்க்கும் பொங்கல் ஐந்து ரூபாய்க்கும் கிடைக்கின்றன. நின்று சாப்பிட வேண்டும், தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். மாநகராட்சி நடத்தும் இந்த உணவகங்களின் தரம் இடத்துக்கு இடம் மாறும். அரசு மருத்துவமனை வளாகங்களில் உள்ளவற்றில் கூட்டம் அதிகம், அதனால் பண்டம் சூடாகவும் இருக்கும். தெருமுனையில் ஆப்பமும் புட்டும் சுடும் அம்மாக்களின் கடைகள் எட்டரைக்கெல்லாம் முடிந்துவிடும். உங்கள் தெருமுனையிலேயே ஒன்று இருக்கும், விசாரியுங்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

வார நாட்களில் அழைத்துப் போங்கள், சனி ஞாயிறு வேண்டாம். ராயர் மெஸ்ஸில் காத்திருக்க நேரும், ஜன்னல் கடையில் நின்றேயாக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கற்பகாம்பாள் மெஸ், நியூ உட்லண்ட்ஸ், கிளை ஓட்டல்கள் ஆகியவை வசதி.

மார்கழியில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

நிறையவே உண்டு. விடியற்காலையில் கோயில்களில் தொன்னையில் தரும் பொங்கலுக்கு எந்த ஓட்டலும் ஈடில்லை. ஐந்தரை மணிக் குளிரும் (சென்னை அளவில் குளிர்) கையைச் சுடும் தொன்னையும் சேர்ந்த ருசி அது. டிசம்பர் கச்சேரி நாட்களில் சபாக்களில் போடும் உணவகங்களுக்கு, கச்சேரி கேட்காதவர்களும் நுழைவுச்சீட்டு இல்லாமல் போய்ச் சாப்பிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரிய சமையல் கலைஞர்கள் ஒருவரோடொருவர் போட்டி போடும் பருவம் என்பதால், ஆண்டு முழுதும் ஓட்டல் பட்டியலில் காணாத பண்டங்கள் தலைகாட்டும். எந்தச் சபாவில் இந்த ஆண்டு யார் சமையல் என்பதுதான் அங்கே முதல் விசாரணை. யார் பாட்டு என்பது பிறகு.

பொங்கல் சாப்பிட்டால் தூக்கம் வருமே?

வரும்.

பார்சல் வாங்கலாமா?

இட்லியும் பொங்கலும் அரை மணி நேரம் தாங்கும். வடையைச் சாம்பாரிலிருந்து தள்ளி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வடகறியைத் தூக்குவாளியில் வாங்குங்கள், பிளாஸ்டிக் பையில் சூடாக ஊற்ற விடாதீர்கள். தோசையை மட்டும் எந்தக் கடையிலிருந்தும் வாங்கி வராதீர்கள். மடித்த இலைக்குள் ஆவி கட்டி, வீடு வந்து சேரும்போது அது ஈரத்துணிபோல் ஆகியிருக்கும்.